தேதி எப்போது மாறுகிறது?

(மேற்படிப்புப் பிள்ளைகளுக்கும் வெளிநாடு செல்வோருக்குமான கூட்டத்தில் ஆற்றிய உரை)





இங்கிலீஷில் நேரத்தைச் சொல்லும் வார்த்தைகளில் நாம் எங்கே தடுமாறுகிறோம் என்பதைப் பற்றி இன்று பேசுவோம். இலக்கண வகுப்பு என்று பயந்துவிடாதீர்கள். டிக்கெட், விசா சம்பந்தப்பட்ட விஷயம் இது.

முதலில் 'ஃப்ரைடே நைட்'. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வெள்ளி இரவு என்றால் வியாழக்கிழமை மஃரிபுக்குப் பின் வரும் இரவு. பிறை தெரிந்த இரவே தராவீஹ் தொழுதுவிட்டு மறுநாள்தானே முதல் நோன்பு வைக்கிறோம்? நமக்கு இரவு முந்தி, பகல் பிந்தி. பஞ்சாங்கக்காரருக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில். இங்கிலீஷ் கணக்கிலோ நடுநிசி 12 மணிக்கு. ஆகவே அவர்களுடைய 'ஃப்ரைடே நைட்' ஜும்ஆ முடிந்து, அன்று பொழுது சாய்ந்தபின் வருவது. துபாயில் மேனேஜர் அந்த வார்த்தையைச் சொன்னால் வியாழன் இரவே போய் நிற்க வேண்டாம்!

இதைவிடப் பெரிய கண்ணி நடுநிசிதான். டிக்கெட்டில் 15ஆம் தேதி 12.40 ஏ.எம். என்று போட்டிருந்தால், 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கெல்லாம் திருச்சி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போனால், விமானம் முந்தின இரவே போயிருக்கும். பணமும் போகும், சில சமயம் வேலையும் போகும். 'ஏ.எம்.' என்பது நடுப்பகலுக்கு முன், 'பி.எம்.' நடுப்பகலுக்குப் பின். 12.40 பி.எம். என்றால் நமக்கு லுஹர் நேரம். ரயில்வே 24 மணிக் கணக்கில் 00.40 என்று அச்சிடும். அதுவும் நடுநிசி தாண்டிய நேரம்தான்.

அடுத்து 'பை', 'அன்டில்'. தமிழில் 'க்குள்', 'வரை' என்று நாம் குழப்பமில்லாமல் சொல்வதுதான் இது. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தைப் 'பை 15' கொடுக்க வேண்டும். அலுவலகம் 'அன்டில் 15' திறந்திருக்கும். லீவு கேட்கும்போது 'டில் 15' என்று மட்டும் எழுதினால், 15 லீவா வேலையா என்று சண்டை வரும். 16ஆம் தேதி வேலைக்கு வருகிறேன் என்றே எழுதிவிடுங்கள்.

'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பது நம் ஊர் பயோடேட்டாக்களில் தவறாமல் வரும். எத்தனை ஆண்டு என்றால் 'ஃபார்'. எந்த ஆண்டிலிருந்து என்றால் 'சின்ஸ்'. 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்', 'சின்ஸ் 2019'. அவ்வளவுதான்.

விசாத் தாளில் 'வேலிடிட்டி' வேறு, 'டியூரேஷன் ஆஃப் ஸ்டே' வேறு. முந்தையது பெரும்பாலும் எந்தத் தேதிக்குள் நாட்டுக்குள் நுழையலாம் என்பது. பிந்தையது நுழைந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது. பெரிய எண்ணைப் பார்த்துத் தங்கிவிட்டால் அபராதம் கட்ட வேண்டிவரும். 05/06 என்று எண்ணாகவே தேதி எழுதுவதும் வம்பு. நமக்கு அது ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

சவூதித் தாள்களில் ஹிஜ்ரி தேதியும் வரும். ரமலான் ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்து வருவதைத் தாய்மார்கள் அறிவீர்கள். ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவு. ஹிஜ்ரியில் போட்ட ஒரு வருட ஒப்பந்தமும் அத்தனை நாள் முன்பே முடியும்.

சந்தேகமுள்ள தாள்களைக் கொண்டு வந்திருப்பவர்கள் இப்போது எடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.