களுவும் ஒன்பது நாட்களும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு மேடையில் நாய்களைப் பற்றியா பேசப் போகிறீர்கள் என்று வீட்டிலேயே கேட்டார்கள். செய்யும் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று சங்கம் கேட்டதால் சொல்கிறோம். நாங்கள் ஒரே வகுப்பில் படித்த மூவர். இருவர் வைத்தியர்கள், ஒருவர் வங்கியில். கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கங்களிலும் அடிபட்ட, நோயுற்ற கட்டாக்காலி நாய்களைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகிறோம். காப்பகம் ஒன்றும் இல்லை. மூன்று வீடுகளும், பொறுமையுள்ள ஒரு மாமியாரும்தான்.

நாங்கள் படித்த காலத்து நாய் பிடிக்கும் வண்டி உங்களுக்கு ஞாபகமிருக்கும். 2006இலிருந்து அரசாங்கம் அப்படிக் கொல்வதை நிறுத்தி, தடுப்பூசியையும் கருத்தடையையும் நம்பியிருக்கிறது. நல்ல முடிவு. 1973இல் இந்நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். அது ஆண்டுக்கு இருபது முப்பதளவில் குறைந்ததற்குத் தடுப்பூசி பெரிய காரணம். ஆனால் வண்டி நின்ற பிறகு, எந்த நாயை இனியும் வருத்தக் கூடாது என்ற முடிவு எங்களைப் போன்றவர்களின் கைக்கு வந்தது.

கட்டுகஸ்தோட்டையில் மரக்கறி விற்கும் அம்மா ஒருவர் சோறு வைத்த கறுத்த நாய்க்குக் களு என்று பெயர். கண்ணில் பீளை, இருமல், பிறகு தாடை ஆடத் தொடங்கி வலிப்பு. மிருக வைத்தியர் முதல் நாளே சொல்லிவிட்டார்: டிஸ்டெம்பர், மூளைக்குப் போய்விட்டது, மருந்தில்லை, ஊசி போட்டு அனுப்புவதே நல்லது. சரி என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒன்பது நாள் தனியறையில் வைத்திருந்தோம். சேலைன் ஏற்றினோம், முறை வைத்து விழித்திருந்தோம். “மிஸ், சுகமாகுமா?” என்று அந்த அம்மா கேட்கும்போதெல்லாம் “பார்ப்போம்” என்றோம். வார்டில் உறவினருக்கு அப்படிச் சொல்லாதீர்கள் என்று இளம் வைத்தியர்களுக்குப் படிப்பிப்பவர்கள் நாங்கள்! ஒன்பதாம் நாள் களுவால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. அன்றுதான் ஊசி. சில மாதங்கள் கழித்து உண்மையைச் சொன்னபோது அவர், “எனக்கு முதலே தெரியும் மிஸ், நீங்கள்தான் பாவம் என்று பேசாமல் இருந்தேன்” என்றார்.

மறுபக்கப் பிழையும் நடக்கப் பார்த்தது. இரத்தம் ஒழுகும் கட்டியோடு வந்த ஒரு பெண் நாயைக் கண்டதும், இதை வருத்தக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டோம். அது நாய்களுக்கிடையே தொற்றும் கட்டி, வாரம் ஒரு வின்கிறிஸ்டீன் ஊசியில் பெரும்பாலும் கரைந்துவிடும் என்று மிருக வைத்தியர் தடுத்தார். அவள் இப்போது மாமியாரின் கட்டிலுக்குக் கீழே படுக்கிறாள்.

எங்கள் தொழிலில் நோயாளிக்கு அந்த ஊசியைப் போடுவதில்லை, சட்டமும் இடமளியாது. அதனால் இந்த முடிவுக்கு எங்களிடம் பயிற்சியே இருக்கவில்லை. களுவுக்குப் பிறகு ஒருவர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்தினார். மற்றவர் பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தார். சரியானது எதுவென்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் தவிப்பதற்கு, அண்ட்ரூ ஜேமிற்றன் என்பவர் 1984இல் தாதியரின் ஒழுக்கவியல் பற்றிய நூலில் ஒரு பெயர் வைத்தார். தமிழில் மனச்சாட்சி நோவு எனலாமோ?

அந்த நோவு ஊசியை விட, “இல்லை” என்று சொல்வதிலேயே அதிகம். பார்வோ வந்த வீட்டு நிலத்தில் வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும், புதுக் குட்டிகளை ஏற்க முடியாது. ஒரு கால் முறிவுச் சத்திரசிகிச்சைக்குப் போகும் காசில் பல பெண் நாய்களுக்குக் கருத்தடை செய்யலாம். கணக்குச் சரிதான். ஆனாலும் இரவில் நினைவுக்கு வருவது நாங்கள் எடுக்காமல் விட்டு வந்த அட்டைப்பெட்டிகள்.

இப்போது தனியாக எவரும் முடிவெடுப்பதில்லை. மிருக வைத்தியரோடு எங்களில் இருவர் இருக்க வேண்டும். சாப்பிடுகிறதா, எழும்புகிறதா, நோவில்லாமல் தூங்குகிறதா என்று பார்த்து அன்றைக்கே முடிவு. ஊசி போடும்போது ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை இருப்பார். அவருக்கு அடுத்த வாரம் புது நாய் கிடையாது.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருக்கும் தோழிகள் காசு அனுப்புகிறீர்கள், நன்றி. விடுமுறைக்குக் கண்டிக்கு வரும்போது ஒரு நாள் ஒதுக்கி எங்களோடு மிருக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நாயைத் தொடத் தேவையில்லை. திரும்பி வரும் வழியில் வண்டியில் பேச்சுத் துணைக்கு ஒருவர் வேண்டும்.