அறை அவங்க செலவு, மத்தது யார் செலவு?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். சென்னை விற்பனைச் சந்திப்புக்குச் செல்லும் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



இந்த முறை நம்ம முந்திரிக் குழுக்களிலிருந்து எட்டுப் பேர் சென்னைக்குப் போகிறீர்கள். இதுவரைக்கும் சென்னை என்றால் நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் கண்காட்சி, ராத்திரி ஒரு ஹாலில் பாயும் போர்வையும். இந்தத் தடவை அழைத்திருக்கிற கம்பெனியே ஐந்து நட்சத்திர ஹோட்டலில் அறை போட்டிருக்கிறது. "அங்கே எப்படி நடந்துக்கணும் அக்கா?" என்று எல்லாரும் கேட்கிறீர்கள். அதைவிட முக்கியமாக நீங்க கேட்க வேண்டியது, அங்கே எதுக்குக் காசு, எதுக்குக் காசில்லை என்பதுதான்.

போன தடவை பக்கத்து ஒன்றியத்திலிருந்து போன ஒரு சகோதரிக்கு நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி பசிக்குது என்று அறையில் தட்டில் வைத்திருந்த சின்ன முந்திரிப் பாக்கெட்டை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். கிளம்பும்போது அதுக்குப் பில். ஒரு நாள் முழுக்க முந்திரி உடைத்து வாங்குகிற கூலியைவிட அதிகம்! நம்ம ஊர் முந்திரியை நாமே அந்த விலைக்கு வாங்கணுமா?

அதனால் முதல் விஷயம், கிளம்புவதற்கு முன்னாலேயே கம்பெனிக்காரங்ககிட்ட எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அறை வாடகை மட்டுமா, காலைச் சாப்பாடும் சேர்த்தா, மதியம் ராத்திரி யார் பொறுப்பு, வரி யார் கட்டுவது? வரியைச் சின்ன விஷயமாக நினைக்காதீங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரைக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதுக்கு மேலே போனால் 18 சதவீதம். 8,000 ரூபாய் அறை என்றால் வரி மட்டும் 1,440 ரூபாய். நம்மில் பலருக்கு அது ஒரு மாதத் தவணை.

அடுத்தது நேரம். நீங்க விடியற்காலை பஸ்ஸில் போய்க் கிளாம்பாக்கத்தில் இறங்கிடுவீங்க. ஆனால் ஹோட்டலில் பெரும்பாலும் மதியம் 2 மணிக்குத்தான் அறை தருவார்கள், காலி செய்வது மறுநாள் 11 அல்லது 12 மணிக்கு. முன்னாடியே தரச்சொல்லிக் கேட்கலாம். இல்லை என்றால் பையை அவங்ககிட்டயே ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்க, அதுக்குக் காசில்லை.

வாசலில் பையை மெஷினில் விடச்சொல்வார்கள், உடம்பையும் சோதிப்பார்கள். நம்ம புடவையைப் பார்த்துச் சந்தேகப்படுறாங்க என்று மனசு சுருங்க வேண்டாம். 2008 நவம்பரில் மும்பை ஹோட்டல்களில் தாக்குதல் நடந்த பிறகு கார்ல வர்றவங்களுக்கும் அதே சோதனைதான். பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும் என்று கேளுங்க.

வரவேற்பு மேஜையில் ஒவ்வொருத்தரும் அடையாள அட்டை காட்டணும். வாக்காளர் அட்டை போதும். ஆதார்தான் என்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற நகலைக் கொடுங்க; இ-சேவை மையத்தில் எடுத்துத் தருவார்கள். பிறகு ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். முன்பணமும் கேட்பார்கள். அங்கேதான் நிதானம் வேணும். குழுவில் தீர்மானத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவோமா? "அறையும் காலை உணவும் கம்பெனி கட்டுது, வேற எதுவும் எங்களுக்கு வேண்டாம்" என்று தமிழிலேயே சொல்லுங்க, அங்கே தமிழ் தெரிந்தவர் கட்டாயம் இருப்பார். அறையில் உள்ள ஃப்ரிட்ஜ் சாமான், தின்பண்டத் தட்டு எல்லாத்தையும் எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். எட்டுப் பேரும் இதைச் சொல்லிடுங்க.

சாவி ஒரு அட்டை. உள்ளே போனதும் கதவு பக்கத்தில் உள்ள பெட்டியில் அதைச் செருகினால்தான் பல ஹோட்டல்களில் கரண்ட் வரும். கதவு தானாகப் பூட்டிக்கும். அட்டையை உள்ளே விட்டுட்டு வெளியே வந்துட்டா கீழே போய்த்தான் கேட்கணும். அட்டையில் அறை எண் இருக்காது, அது திருடனுக்குத் தெரியக்கூடாது என்றுதான். எண்ணைச் செல்போனில் குறிச்சு வைங்க. கிண்டியில் 2012-ல் திறந்த ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் 600 அறைகள். அவ்வளவு பெரிய இடத்தில் வழி தவறினால் வெட்கமே இல்லை. ராத்திரி யாராவது கதவைத் தட்டி "ஹோட்டல் ஆள்" என்றால், போனில் வரவேற்புக்குக் கேட்டு உறுதி செய்த பிறகுதான் திறக்கணும்.

மேஜைமேல் வைத்த தண்ணீர் பாட்டில் பெரும்பாலும் இலவசம், ஃப்ரிட்ஜில் உள்ளதுக்குக் காசு. பாட்டிலில் போட்ட விலைக்கு மேலே எப்படி வாங்கலாம் என்று சண்டை போட முடியாது. ஹோட்டல் தன் சேவையும் சேர்த்து விற்கிறது, கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கெட்டில், டீத்தூள் பை, சர்க்கரை இலவசம். அந்தப் பை டீ நம்ம நாக்குக்கு ஒட்டாது. தெருமுனைக் கடையில் குடிச்சுட்டு வந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

குளியலறையில் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே மட்டும் தண்ணீர் விடுங்க, வெளியே வடிகால் இருக்காது. புடவையைத் துவைக்கப் போடும் பைக்குள் போட்டால் உருப்படிக்கு இவ்வளவு என்று பில் வரும். சோப்பு, ஷாம்பு, சீப்பு எடுத்துட்டு வரலாம். துண்டு, அங்கி ஹோட்டலோடது.

காலைச் சாப்பாடு வயிறாரச் சாப்பிடுங்க. இட்லி, பொங்கல், சுடச்சுட தோசை எல்லாம் இருக்கும். பொட்டலம் கட்ட மட்டும் கூடாது. அந்த உணவகத்தில் வேறு வேளை சாப்பிட்டால் பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று இருக்கிறதா பாருங்க. அது வரி இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வழிகாட்டுதல் போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. எடுக்கச் சொல்லுங்க. மறுத்தால் 1915-க்குப் போன் செய்யுங்க.

அறையைச் சுத்தம் செய்ய வருகிற பெண்ணிடம் ரெண்டு வார்த்தை பேசுங்க. டிப்ஸ் கட்டாயமில்லை. நம்ம பிள்ளைகளுக்கும் 2014-ல் தொடங்கிய தீன தயாள் உபாத்யாய திறன் பயிற்சித் திட்டத்தில் ஹோட்டல் வேலைப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். வேலை எப்படி, சம்பளம் எவ்வளவு, ராத்திரி வண்டி விடுறாங்களா என்று கேட்டுட்டு வந்து இங்கே சொல்லுங்க. பொண்ணுங்களை அனுப்பலாமா என்று கேட்கிற தாய்மாருக்கு உதவும்.

கடைசி நாள் ராத்திரியே பில்லைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் பாருங்க. காலையில் பஸ் அவசரத்தில் கேட்க முடியாது. எடுக்காத பொருள் இருந்தால் எடுக்கலை என்று சொல்லுங்க, நீக்குவார்கள். பில் நகல் ஒன்று கூட்டமைப்புக் கோப்புக்கு வேணும்.

கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதத்தைச் செயலாளர் அக்கா தயார் செய்து வைத்திருக்கிறார். எட்டுப் பேரும் கூட்டம் முடிந்ததும் வாசிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.