தண்ணீர்ப் பானையும் நிர்வாகப் படிப்பும்
(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் பேங்க் கிளார்க். கவிதை எழுதுவேன். நிர்வாகப் படிப்பு படிச்சதில்லை. நிர்வாகத்துக்குக் கீழே பத்து வருசமா உட்கார்ந்திருக்கேன், அவ்வளவுதான்.

பம்பாய் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி 1913இல் தொடங்கியது. கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர் 1918இல் அங்கே பேராசிரியரானார். பேராசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாதென்று சக பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். வணிகம் சொல்லித்தரும் இடத்திலேயே நடந்த ஆபீஸ் அரசியல் இது.

1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். வந்தன. அகமதாபாத்துக்கு ஹார்வர்டு கைகொடுத்தது. கம்பெனிகளின் கதையை வைத்து விவாதிக்கும் பாடமுறையும் அங்கிருந்து வந்தது. அந்தப் பானையின் கதையை எத்தனை வகுப்பில் விவாதித்திருப்பார்கள்? ஆயிரம் பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வந்தது. 93 சதவீதம் உயர்சாதியினர். தலித்துகளும் பழங்குடிகளும் சேர்த்தே 3.5 சதவீதம். இதைத்தான் 'மெரிட்' என்கிறார்கள்.

என் கதைக்கு வர்றேன். ஆபிசர் பிரமோஷனுக்கு எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். இன்டர்வியூவில் போச்சு. "தலைமைப் பண்பு போதாது"ன்னு காதுவழிச் செய்தி. மேனேஜர் பயிற்சிக்குப் போய் 'டீம் ஒர்க்' ஃபைலோடு திரும்பினார். மத்தியானம் எல்லா டிபன் பாக்ஸும் மேசையைச் சுத்தி வரும். என் பாக்ஸில் மட்டும் ஒரு கை விழாது. யாரும் தொடாதேன்னு சொல்லலை. பானை போய் எவர்சில்வர் வந்திருக்கு.

நானும் யோக்கியனில்லை. எங்க கிளையில் கூட்டிப் பெருக்கும் தம்பி நம்ம ஆளு. எனக்கு 'சார்', அவனுக்கு 'டேய்'. இத்தனை வருசம் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன். பிரமோஷன் போன அன்னைக்கு அவன் கேட்டான்: "அண்ணே, நீங்க ஆபிசராகியிருந்தா என்னை எப்படிக் கூப்பிட்டிருப்பீங்க?" பதில் வரலை எனக்கு.

மாணவத் தோழர்களே, எம்.பி.ஏ. படியுங்கள். அந்த நாற்காலிகளும் நம்முடையவைதான். 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்திருக்கிறது. இன்டர்வியூவில் எத்தனை மார்க் போட்டார்களென்று எழுதிக் கேளுங்கள். நான் கேட்டிருக்கேன்.

நாற்காலியில் உட்கார்ந்த மறுநாள் அந்தத் தம்பியைப் பேர் சொல்லி, மரியாதையாகக் கூப்பிடுங்கள். நான் நேத்துத்தான் ஆரம்பிச்சேன்.