மீதி ஐந்து நாள்



பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும் கூட்டம் அலைமோதும். மதுரகாளியம்மன் சந்நிதி வழக்கமாக வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் திறந்திருக்கும். தேர்வுக்கு முன் அங்கே வேண்டிக்கொண்டவர்கள் இந்தப் பட்டமளிப்பு அரங்கிலும் இருப்பார்கள். நடை சாத்திய மீதி ஐந்து நாளும் அந்த நம்பிக்கைக்கு என்ன வேலை?

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1680-இல் இத்தாலியில் பிறந்த ஜோசப் பெஸ்கி, இயேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்து, இந்த ஊரில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். அவர்தான் வீரமாமுனிவர். இறைவனைப் பற்றி இந்த மக்களிடம் பேச அரைகுறைத் தமிழ் போதாது என்று புலவர்களிடம் பாடம் கேட்டார், சுவடிகளில் மூழ்கினார். 1726-இல் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி என்னும் காப்பியம் பிறந்தது. 1732-இல் சதுரகராதி வந்தது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார்.

அவர் எழுத்தில் செய்த சீர்திருத்தம் இன்னும் நெருக்கமானது. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால், எகரக் குறிலைக் காட்டும் புள்ளியைப் பலர் தவிர்த்தார்கள். அதனால் 'தென்' எது, 'தேன்' எது என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. கொம்பின் தலையைச் சுழித்து நெடிலைத் தனியே காட்டினார் முனிவர். இன்று முதல் வகுப்பில் 'தேன்' எழுதும் பிள்ளை, எந்தச் சாமியைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளையானாலும், அந்தச் சுழியைப் போட்டுத்தான் எழுதுகிறது. ஒருவரின் பக்தி, அவருடைய சமயத்தைச் சேராதவர்களுக்கும் இப்படிப் பயன்பட்டிருக்கிறது.

இன்னொரு பதில் அதே மாவட்டத்துக் கல்லங்குறிச்சியில் இருக்கிறது. அங்குள்ள கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் கல் கம்பமே பெருமாள். அறுவடை முடிந்ததும் உழவர்கள் விளைச்சலில் ஒரு பங்கை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். தாம் பாடுபட்டு விளைவித்ததே ஆனாலும் அத்தனையும் தமக்கே என்று வைத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வருவதில்லை.

பட்டதாரிகளே, நாளை உங்களில் ஒருவர் மருத்துவமனையில் இருப்பார், ஒருவர் சிமென்ட் ஆலையில், ஒருவர் தாலுகா அலுவலகத்தில். கும்பிட்ட தெய்வம் பக்கத்தில் நிற்கிறது என்ற நினைவோடு கையெழுத்துப் போடுங்கள். மனு கொடுக்க வரும் முதியவரை உட்காரவைத்துப் பேசுங்கள். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை, உங்கள் ஊரில் கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கும் ஒரு பிள்ளைக்கு எடுத்து வையுங்கள்.