சான்றிதழைப் பார்த்த பிறகே கடவுச்சொல்



மாணவர்கள் பள்ளியின் வெப் சர்வரில் நுழையும்போது, கடவுச்சொல் சரிதானா என்று அது பயனர் பட்டியலை வைத்திருக்கும் எல்டாப் சர்வரைக் கேட்கிறது. மறையாக்கம் இல்லாமல் 389ஆம் போர்ட்டில் கேட்டால், கடவுச்சொல் அஞ்சலட்டையில் எழுதியதுபோலப் போகும். 636இல் கேட்டால் உறையிட்ட கடிதம். ஆனால் உறை சரியான ஆளிடம்தான் போகிறதா? அதைச் சொல்வதே சான்றிதழ்.

திருபுவனையில் இதை நான் அமைத்தபோது, ‘சான்றிதழை நம்ப முடியவில்லை’ என்று பிழை வந்தது. அவசரத்தில் சரிபார்ப்பையே நிறுத்திவிட்டேன். உடனே வேலை செய்தது. அன்றிரவுதான் உறைத்தது: நடுவில் யார் ஒரு கணினியை வைத்தாலும் பிள்ளைகளின் கடவுச்சொல் அவர் கைக்குப் போய்விடும்.

தேர்வறையில் ஹால் டிக்கெட்டை எப்படிப் பார்க்கிறோம்? பெயர், தேதி, வழங்கியவர் முத்திரை. இங்கும் அவையே. மறுநாள், சான்றிதழை வழங்கிய அமைப்பின் மூலச் சான்றிதழை வெப் சர்வரில் சேர்த்தேன். சான்றிதழிலுள்ள பெயரும் எல்டாப் சர்வரின் பெயரும் ஒன்றா, காலாவதித் தேதி என்ன என்று பார்த்தேன். சரிபார்ப்பை மீண்டும் இயக்கினேன்.

முத்திரை வைப்பவரும் தவறலாம். 2014இல், தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு வழியாக, கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்தன. ஜூலை 2 அன்று கூகுள் அறிந்து தெரிவித்தது. மறுநாளே அப்பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்தாயின. அந்த ரத்து யாரைக் காக்கும்? சரிபார்ப்பவரை மட்டுமே.

பிழைச்செய்தி வந்தால் வாயை அடைக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். நம்மை நம்பித்தான் பிள்ளைகள் கடவுச்சொல்லைத் தட்டுகிறார்கள்.