முளையிலே தெரியுமா?

பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுன் என்னும் பகுதியில் வசிக்கிறேன். நிழல் மரங்களும் பழைய வீடுகளும் நடுவே ஒரு பூங்காவும் கொண்ட இடம். அங்கே என் அண்டை வீட்டார் தமிழர். அவர் மகன் கல்லூரியில் இறுதியாண்டு மாணவன், வேகப்பந்து வீசுபவன். சென்ற ஆண்டு ஒரு தேர்வு முகாமுக்குப் போனான். ஆறு பந்து வீசியதும் "அடுத்தவர் வரலாம்" என்று சொல்லிவிட்டார்களாம். "ஆறு பந்தில் என்ன சார் தெரியும்?" என்று தந்தையார் என்னைக் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. இளம் ஆட்டக்காரனை எடைபோடுவதை ஒரு தொழிலாகவே வளர்த்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய பேஸ்பால் ஆட்டத்தில், 1965 முதல், ஆண்டுதோறும் குழுக்கள் முறைவைத்து இளைஞர்களைத் தெரிவு செய்கின்றன. அதற்குப் பல மாதங்கள் முன்பே குழுக்களின் பார்வையாளர்கள் கல்லூரி மைதானங்களைச் சுற்றி வருவார்கள். பந்தை அடிக்கும் நுட்பம், அடியின் வலிமை, ஓட்டம், பந்தைத் தடுத்துப் பிடிக்கும் திறன், எறியும் கையின் பலம் ஆகிய ஐந்துக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவார்கள். 50 என்பது தொழில்முறை ஆட்டக்காரனின் நடுத்தரம். பந்தின் வேகத்தை அளக்கக் கருவியும் உண்டு.

இத்தனை இருந்தும் 1999-இல் ஆல்பர்ட் புஹோல்ஸ் என்ற கல்லூரி மாணவரை, 401 பேரைத் தெரிவு செய்து முடித்த பிறகே ஒரு குழு அழைத்தது. அவரோ 2022-இல் ஓய்வு பெறுவதற்குள் எல்லைக்கு அப்பால் பந்தை அனுப்பும் அடிகளை 703 முறை அடித்தார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். முளையைப் பார்ப்பவரின் கண்ணும் தெளிவாக இருக்க வேண்டுமல்லவா?

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 2008 மார்ச்சில், இளையோர் உலகக் கோப்பையை வென்று வந்த இந்தியப் பிள்ளைகளை ஐ.பி.எல். அணிகள் இதே போல் முறைவைத்துப் பிரித்துக்கொண்டன. டில்லி அணி தன் ஊர்ப் பிள்ளையான விராட் கோலியை விட்டுவிட்டு, பிரதீப் சங்வான் என்ற இடக்கை வேகப்பந்து வீச்சாளரை எடுத்தது. அதைப் பேதைமை என்று இன்று சிரிப்பது எளிது. சேவாக், கம்பீர் முதலிய மட்டையாளர்கள் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தார்கள். பந்து வீசுபவரே வேண்டியிருந்தது. கோலி பெங்களூருக்கு வந்தார். முதல் ஆண்டில் 165 ஓட்டங்களே எடுத்தார். அப்பொழுது கணக்குப் பார்த்தவர்கள் டில்லியின் முடிவே சரி என்றிருப்பார்கள். 2016-இல் அவர் எடுத்தவை 973.

ஆகவே தெரிவு செய்பவர் பிள்ளையின் தகுதியை மட்டும் அளப்பதில்லை. தம் வீட்டில் எந்தப் பண்டம் குறைகிறது என்பதையும் பார்க்கிறார். ஆறு பந்தில் கையின் வேகம் தெரியும், ஓடிவரும் ஒழுங்கு தெரியும். வெயிலில் இருபதாவது ஓவரிலும் அந்தக் கை தளராதிருக்குமா என்பது தெரியாது.

அமெரிக்க முறையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. நான்காண்டுக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டை முடித்த மாணவனை ஒரு குழு அழைத்தாலும், அவன் ஒப்புக்கொள்ளாமல் திரும்பிப் போய், படிப்பைத் தொடர்ந்து, மறு ஆண்டு மீண்டும் நிற்கலாம். இதை அண்டை வீட்டாரிடம் சொன்னேன். பையன் படிப்பையே விட்டுவிடப் போவதாக வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது எனக்கு அப்பொழுதுதான் தெரிந்தது. தந்தையார் அவனைக் கூப்பிட்டு, "சார் சொல்வதைக் கேள்" என்றார். அவன் கேட்டது ஒன்றே: "402-ஆவதாக வந்தவர் எத்தனை வருஷம் காத்திருந்தார், மாமா?"

இரண்டே ஆண்டுகள் என்றேன். இப்பொழுது தேர்வுக்குப் படிக்கிறான். விடியற்காலையில் பூங்காவைச் சுற்றி ஓடுகிறான்.