வருமானம் இரட்டிப்பா, உழைப்பு இரட்டிப்பா?

(தொழிற்சங்கக் கல்வி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பெருநகரங்களில் செயலிவழி விநியோகத் தொழிலாளர்களைச் சங்கத்திற்கு அழைக்கும்போது ஒரு மறுமொழி எழுகிறது: "ஆலைத் தொழிலாளிக்கு மாதம் பதினைந்தாயிரம், எனக்கு முப்பதாயிரம். எனக்கு நானே முதலாளி. சங்கம் எதற்கு?" இதற்கு அறிவுரை விடையாகாது; கணக்கே விடை.

ஆலைத் தொழிலாளியின் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் ரூ.15,000 எனக் கொள்ளலாம். இதற்கு மேல் நிர்வாகம் வருங்கால வைப்புநிதிக்கு 12 சதவீதமாக ரூ.1,800, இஎஸ்ஐக்கு 3.25 சதவீதமாக ரூ.488 செலுத்த வேண்டும். ஆண்டுக்கு 15 நாள் ஊதியமாகக் கணக்கிடப்படும் பணிக்கொடை மாதத்திற்கு ரூ.721 ஆகிறது. ஆக மொத்தம் சுமார் ரூ.18,000. வேலைநேரம் 26 நாட்களுக்கு 208 மணி. ஒரு மணிக்கு ரூ.87. போனசும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் இதில் சேரவில்லை.

விநியோகத் தொழிலாளியின் கைக்கு வருவது ரூ.30,000. பெட்ரோல், வண்டித் தவணை, பழுதுபார்ப்பு, கைபேசிக் கட்டணம் ஆகியவற்றுக்கு ரூ.9,500 போனால் எஞ்சுவது ரூ.20,500. ஓய்வு நாளின்றி அன்றாடம் 12 மணி நேரம் என மாதம் 360 மணி. ஒரு மணிக்குக் கிடைப்பது ரூ.57 மட்டுமே. ஆலைத் தொழிலாளியின் மணிக்கணக்கை எட்ட வேண்டுமெனில் செலவு உட்பட மாதம் ரூ.40,000க்கு மேல் ஈட்ட வேண்டும்.

தொகையாக மட்டும் இதை அளந்துவிட முடியாது. வேலையில் கால் முறிந்த ஆலைத் தொழிலாளிக்கு இஎஸ்ஐ மருத்துவத்துடன் ஊதியத்தில் 90 சதவீதம் வழங்குகிறது. சாலையில் விழும் விநியோகத் தொழிலாளிக்கு வருமானம் அன்றே நின்றுவிடுகிறது, தவணை நிற்பதில்லை. துண்டுக்கூலி என்பது நேரக்கூலியின் மாறிய வடிவமே என்று மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் விளக்கினார். ஆர்டருக்கான காத்திருப்பு நேரம் முழுவதும் இங்கே கூலியற்ற உழைப்பாகிறது.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இவர்களை மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்துகிறது. நிறுவனங்களின் பங்களிப்பு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம். அதுவும் தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆலை முதலாளி வைப்புநிதிக்கும் இஎஸ்ஐக்கும் மட்டுமே செலுத்த வேண்டியது 15.25 சதவீதம். 'கூட்டாளி' என்ற சொல்லின் விலை இந்த வேறுபாடுதான்.

மாறாக, 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்சநீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர்களாக ஏற்றது. செயலியில் இணைந்து பயணத்தை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலைநேரமே என்று தீர்ப்பளித்தது.

ஆலைகளிலும் ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்கு இந்த உரிமைகள் ஏட்டளவிலேயே உள்ளன. ஆகவே இரு பிரிவினரின் போராட்டமும் ஒன்றே. நிதி ஆயோக் மதிப்பீட்டின்படி 2020–21இல் 77 லட்சமாக இருந்த இத்தகைய தொழிலாளர்கள் 2029–30இல் 2.35 கோடியாவர்.

தொழிலாளி என்ற சட்ட அங்கீகாரம், செலவு நீங்கிய குறைந்தபட்ச மணிக்கூலி, காத்திருப்பு நேரத்திற்கு ஊதியம், இஎஸ்ஐ ஆகியவை உடனடிக் கோரிக்கைகள். ஒவ்வொரு கிளையும் தன் பகுதித் தொழிலாளர்களுடன் அமர்ந்து, அவர்களது ஒரு மாத வரவு, செலவு, வேலைநேரத்தை அவர்கள் கையாலேயே எழுதச் செய்யட்டும். அந்தக் கணக்கிலிருந்து சங்கம் தொடங்கும்.